தாத்தா காரோட ‘பேட்டரி ஹெல்த்’ எத்தனை சதவிகிதம்? மரக்காணம் உப்புக்காத்துல ஒரு செக்கப்!

போன்ல செட்டிங்ஸுக்குள்ள போய் ‘பேட்டரி ஹெல்த்’னு தட்டினா 87, 79னு ஒரு நம்பர் வந்து நிக்கும். 80-க்குக் கீழே போனா நமக்கே லேசா படபடக்கும். ஆனா, ஷெட்டுல தார்ப்பாய் போர்த்தி நிக்கிற தாத்தாவோட பிரீமியர் பத்மினிக்கோ, நம்ம வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ அப்படி ஒரு ஸ்கிரீன் கிடையாது. சாவியைத் திருகினா ஒண்ணு ஸ்டார்ட் ஆகும். இல்லைன்னா ‘டிக்’னு ஒரு சத்தம். அந்த கார் நமக்குச் சொல்ற தகவல் அவ்வளவுதான்.

அந்த ‘டிக்’ வீட்டு வாசல்ல கேட்டா பரவாயில்லை. பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு தள்ளச் சொல்லலாம். மரக்காணத்துல கேட்டா?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர்ல போனவங்களுக்கு அந்த இடம் தெரியும். திடீர்னு மரங்கள் காணாமப் போகும். ரோட்டோரம் கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் உப்புப் பாத்திகள், அங்கங்கே வெள்ளைக் குவியல்கள். போட்டோவுக்கு அட்டகாசமான இடம். பழைய காரை நிறுத்தி ரீல்ஸ் எடுக்காம யாரும் தாண்ட மாட்டாங்க. இன்ஜினை ஆஃப் பண்ணி, அரை மணி நேரம் போட்டோ எடுத்துட்டு, திரும்ப சாவியைத் திருகும்போதுதான் பேட்டரி தன்னோட உண்மையான வயசைச் சொல்லும். ஒதுங்க நிழல்கூட இல்லாத இடத்துல!

‘தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம் பாஸ்’னு நினைக்கிறீங்களா? அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு மாதிரி கார்கள்ல ஸ்பார்க் வர்றதுக்கு இக்னிஷன் காயிலுக்கு பேட்டரியிலிருந்து கரன்ட் வேணும். கொஞ்சமாவது சார்ஜ் மிச்சம் இருந்தாத்தான் தள்ளுறது பலிக்கும். முழுசா செத்துப்போன பேட்டரியோட புதுச்சேரி வரைக்கும் தள்ளினாலும் கார் இருமக்கூட செய்யாது. ஆரம்பகால ஃபோர்டு மாடல்-டி மாதிரி மேக்னெட்டோ வெச்ச கார்கள் மட்டும்தான் பேட்டரி இல்லாமலே ஓடும். கைப்பிடியைச் சுத்தி ஸ்டார்ட் பண்ற அந்தக் காலத்தை முடிச்சுவெச்சது, 1912-ல் கெடிலாக் கார்ல வந்த எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர். அன்னிக்குப் பிடிச்ச பேட்டரி சனி, இன்னிக்கு வரைக்கும் விடலை!

இன்னொரு விஷயம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிஞ்சு 50 வருஷம் ஆன, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை ‘வின்டேஜ்’னு பதிவு பண்ணலாம். 1974-ல்தான் ‘பத்மினி’ங்கிற பேரே வந்தது. அப்போ வாங்கின முதல் பத்மினிகள் எல்லாம் இப்போ அந்த வரிசைக்கு வந்தாச்சு. சேசிஸ், பாடி, இன்ஜின்லதான் கைவைக்கக் கூடாது. பேட்டரியைத் தாராளமா மாத்தலாம். ஆனா, மாத்தணுமா வேண்டாமாங்கிறதுலதான் நிறைய பேர் காசை விடுறாங்க. நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுறவங்களும் உண்டு. போகப்போற பேட்டரியை நம்பி லாங் டிரைவ் கிளம்புறவங்களும் உண்டு. ரெண்டு பேரும் செய்யுற தப்பு ஒண்ணுதான்... வோல்ட்டை மட்டும் பார்க்கிறது.

12.6 வோல்ட் காட்டினா போதுமா?

முதல்ல வோல்ட் பார்க்கிற முறை. மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். காரை ஓட்டிட்டு வந்த சூட்டோட அளக்காதீங்க. சார்ஜ் ஏறின உடனே பேட்டரி பொய் சொல்லும். ராத்திரி முழுக்க ஓய்வு கொடுத்துட்டு காலையில அளக்கணும். அவசரம்னா ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் எரியவிட்டு, அணைச்சு, கொஞ்சம் பொறுத்து அளங்க.

12.6 அல்லது அதுக்கு மேல காட்டினா ஃபுல் சார்ஜ். 12.4-ன்னா முக்கால். 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழே போச்சுன்னா கிட்டத்தட்ட காலி. 50-களுக்கு முந்தின பல கார்கள், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எல்லாம் 6 வோல்ட் பார்ட்டி. அதுக்கு இந்த நம்பர்களைப் பாதியாக்கிக்கோங்க, 6.3 இருந்தா ஃபுல்.

இது சொல்றது இப்போ எவ்வளவு சார்ஜ் இருக்குங்கிறதை மட்டும்தான். பேட்டரி எவ்வளவு தாங்கும்னு இது சொல்லாது. போன் பாஷையில சொன்னா, மேல ஓரத்துல தெரியுற பேட்டரி பர்சன்டேஜ் வேற, ‘ஹெல்த்’ வேற. ஹெல்த் 60-க்கு இறங்கின போனும் சார்ஜ் போட்டா 100 காட்டும்தானே? அதேதான். உள்ளே ஈயத் தகடுகள்ல பாதி சல்ஃபேட் படிஞ்சு கெட்டுப்போன பேட்டரிகூட, காலையில அமைதியா 12.6 காட்டும். செல்ஃப் மோட்டார் கரன்ட்டை உறிஞ்சும்போதுதான் சாயம் வெளுக்கும்.

உப்பளத்துல பார்க்கிற அதே டிகிரி

பேட்டரியோட உள்மனசைத் தெரிஞ்சுக்க ஒரு பழைய கருவி இருக்கு... ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய்க்குள்ள மிதக்கிற ஒரு மிதவை, மேல ரப்பர் பல்பு. பார்க்க ஸ்கூல் லேப் சாமான் மாதிரி இருக்கும். இதோட சொந்தக்காரனை மரக்காணத்துல தினமும் பார்க்கலாம். உப்புத்தண்ணி எவ்வளவு கெட்டியாகியிருக்குன்னு தெரிஞ்சுக்க உப்பளங்கள்ல மிதக்கவிடுறதும் ஹைட்ரோமீட்டர்தான். அங்கே கணக்கு ‘போமே’ டிகிரியில.

கடல்தண்ணி சுமார் 3 டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியா மாத்தி, வெயில்ல சுண்டி, 25 டிகிரி பக்கம் வரும்போது உப்பு கட்ட ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்கினா மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும். அந்தத் தண்ணியை வெளியே விட்டுடுவாங்க. மிதவை எவ்வளவு மேல நிக்குதுங்கிறதை வெச்சு, கண்ணுக்குத் தெரியாத உப்போட கணக்கைப் படிக்கிறாங்க.

பேட்டரியிலயும் அதே வித்தைதான், உப்புக்குப் பதில் சல்ஃப்யூரிக் ஆசிட். சார்ஜ் தீரத் தீர ஆசிட்ல இருக்கிற சல்ஃபேட் தகடுகள்ல போய் ஒட்டிக்கும், மிஞ்சுற திரவம் தண்ணியாகிட்டே போகும். சார்ஜ் ஏத்தினா திரும்ப வரும். அதனால ஃபுல் சார்ஜ்ல மிதவை 1.265 பக்கம் நிக்கும். பாதி சார்ஜ்ல 1.190-க்கு இறங்கிடும். உப்பு கட்டத் தயாரா இருக்கிற 25 டிகிரி பாத்தித் தண்ணியை இந்தக் கணக்குல சொன்னா 1.208. ஏறக்குறைய பாதி தீர்ந்த பேட்டரி ஆசிட்டோட அடர்த்தி! நம்மூர் மாதிரி வெயில் ஊர்களுக்கான பேட்டரிகள்ல ஆசிட்டைக் கொஞ்சம் நீர்க்கவே ஊத்துவாங்க. சிலதுல ஃபுல் சார்ஜே 1.240-தான். உங்க பேட்டரிக்கு எது ஃபுல்னு வாங்கும்போது கொடுத்த அட்டையில இருக்கும், இல்லைன்னா பேட்டரி கடையில கேளுங்க.

12 வோல்ட் பேட்டரிக்குள்ள ஆறு செல் இருக்கு. ஒவ்வொண்ணோட மூடியையும் திறந்து, கொஞ்சம் உறிஞ்சி, நம்பரைக் குறிச்சுக்கிட்டு, அதே செல்லுலயே திரும்ப விடணும். ஆறு நம்பரும் ஒண்ணை ஒட்டி ஒண்ணு இருந்தா, எல்லாமே கம்மியா இருந்தாலும் பயப்பட வேண்டாம். அது பசி, சார்ஜ் போட்டா சரியாகிடலாம். ஆனா, அஞ்சு செல் 1.250, ஒண்ணு மட்டும் 1.180னு நின்னா அது நோய். செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல வித்தியாசம் இருந்து, முழு சார்ஜ் போட்ட பிறகும் அது குறையலைன்னா, அந்த பேட்டரிக்கு ‘டாட்டா’ சொல்லிடலாம். ஒரு செல் படுத்தா மத்த அஞ்சையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். மல்டிமீட்டர்ல இந்த ஒத்தை செல்லோட வியாதி தெரியவே தெரியாது. அதனாலதான் ஹைட்ரோமீட்டரை இவ்வளவு தூரம் தூக்கிப் பிடிக்கிறேன்.

இங்கே உப்பளத்துலயிருந்து ஒரு பாடம். வெயில்ல தண்ணி ஆவியானா பாத்தித் தண்ணி கெட்டியாகுதுல்ல... பேட்டரியிலயும் அதேதான் நடக்கும். தண்ணி வத்தின செல்லுல மிதவை ஜம்முனு மேல நிக்கும், ‘ஆஹா, ஃபுல் சார்ஜ்’னு ஏமாந்துடாதீங்க. முதல்ல தகடு மூழ்குற அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். அப்புறம் சார்ஜ் போடணும். ஆறினதுக்கு அப்புறம் அளக்கணும். தண்ணி ஊத்தின கையோட அளந்தா, மேல நிக்கிற தண்ணியைத்தான் அளப்பீங்க. நம்மூர் வெயிலையும் கணக்குல சேர்க்கணும். 27 டிகிரி செல்சியஸ்தான் அளவுகோல். ஆசிட்டோட சூடு அதைவிட 10 டிகிரி அதிகம்னா, மிதவை 0.007 குறைச்சுக் காட்டும். அதைக் கூட்டிக்கோங்க.

மூடியே இல்லாத ‘மெயின்டெனன்ஸ் ஃப்ரீ’ பேட்டரி போட்டிருந்தா ஹைட்ரோமீட்டர் வழி அடைபட்டுடும். அதுல இருக்கிற பச்சைக் கண்ணும் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்குது. அதனால பழைய காருக்கு மூடி திறக்கிற பேட்டரிதான் என்னோட ஓட்டு!

ஆசிட் வேலை செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ் கட்டாயம். மோதிரம், இரும்பு வாட்ச்சைக் கழட்டி வைங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்துல சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. பேட்டரி டப்பா வீங்கியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ இந்தச் சோதனை எதுவுமே தேவையில்லை. நேரா கடைக்குப் போங்க.

அந்த ஊர்த் தண்ணியை ஊத்திடாதீங்க!

வழியில பேட்டரி வத்தியிருக்குன்னு தெரிஞ்சா, ‘தண்ணிதானே’னு பக்கத்துல இருக்கிற அடிபம்புலயோ, டீக்கடை குடத்துலயோ வாங்கி ஊத்துறவங்க இருக்காங்க. கடலோர நிலத்தடி நீர்ல குளோரைடு இருக்கும், இரும்பு இருக்கும். ரெண்டும் பேட்டரிக்கு ஸ்லோ பாய்சன். தகடுகளை அரிக்கும், சும்மா நிக்கும்போதே சார்ஜைக் குடிக்கும். உப்புத்தண்ணியே உள்ளே போயிட்டா இன்னும் மோசம். சார்ஜ் ஏறும்போது குளோரின் வாயு வரும். உலகப் போர் காலத்து நீர்மூழ்கிக் கப்பல்கள்ல கடல்தண்ணி பேட்டரி அறைக்குள்ள புகுந்தா மாலுமிகள் நடுங்கினது இதுக்காகத்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ வந்த மாதிரி ஒரு வெள்ளத்துல கார் மூழ்கினா, பேட்டரியைச் சார்ஜ்ல போட்டுப் பார்க்கிற ஆசையே வேண்டாம். டிக்கியில ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில் எப்பவும் கிடக்கட்டும்.

தண்ணி மட்டுமில்ல, இங்கே காத்தே உப்பு. உப்புக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. பேட்டரியோட தலையில தூசு, ஆசிட் ஈரம், உப்பு மூணும் சேர்ந்து படிஞ்சா, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல ஒரு மெல்லிய கரன்ட் பாதை உருவாகிடும். மீட்டரோட ஒரு முனையை மைனஸ்ல வெச்சு, இன்னொரு முனையை பேட்டரியோட மேல்பக்க பிளாஸ்டிக்ல மெதுவா தேய்ச்சுப் பாருங்க. வெறும் பிளாஸ்டிக்ல அரை வோல்ட், ஒரு வோல்ட்னு காட்டினா கசிவு இருக்குன்னு அர்த்தம்.

டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கிறதையும் அப்படியே விடாதீங்க. முதல்ல பாடியோட இணைஞ்சிருக்கிற எர்த் வயரைக் கழட்டணும். மோரிஸ் மைனர் மாதிரி பழைய பிரிட்டிஷ் கார்கள்ல பிளஸ்தான் எர்த், பார்த்துக்கோங்க. செல் மூடிகளை இறுக்கி மூடிட்டு, வீட்டுல இருக்கிற ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சு, பழைய டூத் பிரஷால தேய்ங்க. பொங்கி அடங்கினதும் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு, வயரை மாட்டி, மேல வாசலின் தடவுங்க. சோடாத் தண்ணி ஒரு சொட்டுகூட செல்லுக்குள்ள போகக் கூடாது, ஆசிட்டையே முறிச்சுடும்.

இப்போ நிஜப் பரீட்சை

சார்ஜ் ஓகே, ஆறு செல்லும் ஓகே. அடுத்தது, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி தாங்குதான்னு பார்க்கணும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிடாம இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போற வயரைக் கழட்டிடுங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டாச்சா? மீட்டரை நேரா பேட்டரியோட ஈயக் கொம்புலயே வைங்க. வீட்டுல யாரையாவது உட்காரவெச்சு பத்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. வோல்ட் 10-க்கு மேலயே நின்னா பேட்டரிக்குத் தெம்பு இருக்கு. 9.6-க்குக் கீழே சரிஞ்சா, அதுவும் முழு சார்ஜ்ல இருக்கும்போதே சரிஞ்சா, முடிவு நெருங்கிடுச்சு. 6 வோல்ட் காருக்கு அந்தக் கோடு 4.8.

இன்னொரு பக்கமும் இருக்கு. செல்ஃப் முக்குது, ஆனா பேட்டரியில வோல்ட் 11-ஐ விட்டு இறங்கலைன்னா? குற்றவாளி பேட்டரி இல்ல. கரன்ட் வழியில எங்கேயோ மாட்டிக்கிட்டு நிக்குது. செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரோட ஒரு முனையைக் கொம்புல, இன்னொண்ணை அதைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்ல வைங்க. கால் வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த இணைப்புல துரு. இதேமாதிரி எர்த் கொம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல பாருங்க. அரை வோல்ட் தொலைஞ்சா எர்த் பட்டை போச்சு. கடலோரத்துல நிக்கிற கார்கள்ல முதல்ல சாகுறது பெரும்பாலும் இந்தப் பட்டைதான். புது பேட்டரியோட ஒப்பிட்டா இதோட விலை ஒண்ணுமே இல்லை. இதைப் பார்க்காம பேட்டரி மாத்தினா, ரெண்டு நாள் நல்லா ஓடும், மூணாவது நாள் பழைய ‘டிக்’ திரும்ப வந்துடும்.

சில கடைகள்ல கையடக்க டெஸ்டர் வெச்சு, ‘ஹெல்த் 62%’னு ஒரு சீட்டு அடிச்சுக் கொடுப்பாங்க. வேகமா முடியும், தப்பில்லை. ஆனா, பேட்டரியோட திறனை அதுல சரியா பதிஞ்சிருக்காங்களான்னு ஒரு பார்வை பாருங்க. அது தப்பா இருந்தா சீட்டும் தப்பு. சில டெஸ்டர்களுக்கு 6 வோல்ட் பேட்டரின்னா என்னன்னே தெரியாது.

டைனமோ காரரே, ஒரு நிமிஷம்

இன்னிக்கு கார்கள்ல ஆல்டர்னேட்டர். அறுபதுகள்ல ஓடின கார்கள்ல டைனமோ. 1961-ல் சென்னை பாடியில தொடங்கின லூகாஸ் டி.வி.எஸ் பேரைப் பல பழைய மெக்கானிக்குகள் இன்னும் சொல்றது இந்த சாமான்களாலதான். டைனமோகிட்ட ஒரு குணம்... இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது உருப்படியா சார்ஜ் பண்ணாது. டேஷ்போர்டுல சிவப்பு லைட் மினுங்கிட்டே இருக்கும். அதனால ‘வாரம் ஒருமுறை ஷெட்டுலயே அஞ்சு நிமிஷம் ஓடவிட்டேன்’னு சொல்றவங்க பேட்டரிக்கு நல்லது செய்யலை. ஸ்டார்ட் பண்ண எடுத்த சார்ஜைத் திருப்பித் தராமலே அணைக்கிறாங்க. ஓட்டணும்னா அரை மணி நேரமாவது ரோட்டுல ஓட்டுங்க. ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சுப் பிடிச்சு பேட்டரியில அளந்தா 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரணும். வரலைன்னா டைனமோவையோ கட்-அவுட்டையோ எலெக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. 15-ஐத் தாண்டினா பேட்டரியை வேகவெச்சுட்டு இருக்குன்னு அர்த்தம், தண்ணி அடிக்கடி வத்துறதுக்குக் காரணமும் அதுவா இருக்கலாம்.

மாசக்கணக்குல நிறுத்தப் போறீங்கன்னா எர்த்தைக் கழட்டி வைங்க. 12.4-க்குக் கீழே இறங்க விடாம மாசத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்க. ஸ்மார்ட் சார்ஜர் இருந்தா நல்லது. 6 வோல்ட் பேட்டரிக்கு 6 வோல்ட் செட்டிங்தானான்னு ரெண்டு தடவை பாருங்க. வழியில இன்னொரு கார்லயிருந்து ஜம்ப் எடுக்கும்போதும் இதே கவனம் வேணும். 6 வோல்ட் காருக்கு 12 வோல்ட் காரைக் கொடுக்கக் கூடாது. பிளஸ் எர்த் காருக்குக் கொடுக்கும்போதும் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ்தான். ஆனா, ரெண்டு காரோட பம்பரும் ஒண்ணை ஒண்ணு தொட்டுடக் கூடாது, ஷார்ட் ஆகிடும்.

எவ்வளவு பொத்திப் பார்த்தாலும் நம்ம வெயில்ல மூணு, நாலு வருஷம்தான் பொதுவான ஆயுள். சராசரி சூடு 10 டிகிரி கூடினா பேட்டரியோட ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. புதுசு வாங்கும்போது தயாரிப்பு மாசத்தைப் பாருங்க. கடை அலமாரியில ஆறு மாசம் தூங்கினதை வாங்காதீங்க. கொம்பு எந்தப் பக்கம்னு உங்க காரைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க, பழைய கார்ல கேபிள் நீளம் பத்தாது. பழையதை பேட்டரி கடையிலயே எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துடுங்க. 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி அதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புறது தயாரிப்பாளரோட பொறுப்பு. பழைய இரும்புக் கடையில போட்டா கூட நூறு, இருநூறு கிடைக்கலாம். ஆனா, அதை யாரோ ஒருத்தர் வெட்டவெளியில உடைச்சு உருக்குவார், அந்த ஈயம் மண்ணுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோட ரத்தத்துக்கும் போய்ச் சேரும்.